பேஸ் எங்கே போச்சு? ஸ்பீக்கர் பெட்டியின் நூறு வருஷக் கதை

கார்ல புதுசா சப்வூஃபர் மாட்டியாச்சு. டிக்கியில பெரிய பெட்டி, தனி ஆம்ப் எல்லாம் இருக்கு. பாட்டைப் போட்டா நெஞ்சுல 'தம்'முனு இறங்கணும். ஆனா நம்பர் பிளேட் மட்டும்தான் அதிருது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் பெரிய ஆம்ப் போடு ப்ரோ." அதுக்குக் காசு எடுக்கறதுக்கு முன்னாடி இந்த எபிசோடைக் கேட்டுடுங்க. ஏன்னா இந்தப் பிரச்சினைக்கு வயசு நூறு.

வருஷம் 1925. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பொறியாளர்கள். இன்னைக்கு நாம பார்க்கிற ஸ்பீக்கரோட அடிப்படை வடிவத்தை அவங்க கட்டுரையா வெளியிட்டாங்க: ஒரு கோன், அதோட ஒட்டின கம்பிச்சுருள், பின்னால காந்தம். அந்த வேலையில அவங்க எதிர்கொண்ட சிக்கல்தான் நம்ம கதையோட வில்லன்.

கோன் முன்னாடி தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே நொடியில் பின்பக்கக் காற்று தளரும். ஒண்ணு மேடு, ஒண்ணு பள்ளம். ரெண்டும் சந்திச்சா ஒண்ணையொண்ணு அழிச்சிடும்.

சரி, அப்போ பேஸ் மட்டும் ஏன் காணாமப் போகுது? 4000 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸ் பேஸுக்கு சுமார் எட்டரை மீட்டர், அதாவது ஒரு காரை விட நீளம்! அவ்வளவு பெரிய அலைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் தடையே இல்லை. சுத்தி வந்து முன்பக்க அலையோட மோதிடும். அதனாலதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்க ஒரு பலகையோ பெட்டியோ வேணும்.

அடுத்து பெல் லேப்ஸின் ஆல்பர்ட் துராஸ். பின்பக்க அலையை ஏன் வீணாக்கணும்னு யோசிச்சார். பெட்டியில் அளந்து ஒரு துளை போட்டா, ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை ஒட்டி அந்த அலை திசை திரும்பி முன்பக்கத்துக்கே உதவும். 1932ல் காப்புரிமை கிடைச்சுது. இன்னைக்கு உங்க சப்வூஃபர் பெட்டியில இருக்கிற போர்ட், அந்தத் துளையோட வாரிசுதான்.

1954ல் எட்கர் வில்சர் நேர் எதிரா போனார். துளையே வேண்டாம், பெட்டியை இறுக்கமா மூடு, உள்ள அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடிச்சு வைக்கும்னார். அவரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கின அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஏஆர்-1ஐக் கொண்டுவந்தது. நல்ல பேஸுக்கு அலமாரி அளவு பெட்டி வேணும்கிற நிலைமை மாறிச்சு.

ஆனா எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி? 1961ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் இதைக் கணக்காகவே எழுதிட்டார். உள்ளூர் இதழில் வந்த அந்தக் கட்டுரையை வெளியுலகம் பெருசா கண்டுக்கல. 1971ல் அமெரிக்காவின் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழ் அதை மறுபடி வெளியிட்டது. அடுத்த ரெண்டு வருஷத்துல சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செஞ்ச ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். சப்வூஃபரோட வர்ற தாளில் 'தீல்-ஸ்மால்'னு ஒரு அட்டவணை இருக்கும்ல, அது இவங்க பேர்தான்.

இப்போ டிக்கியைத் திறங்க. வரலாறு நடந்த அதே வரிசையில செக் பண்ணலாம்.

முதல்ல ரைஸ், கெல்லாக். ரெண்டு சப்வூஃபர் இருந்து, ஒண்ணுல மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தா, ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். பேஸ் அங்கேயே காலி. ஆம்பை ஆஃப் பண்ணி, ஒயரைக் கழற்றி, ஒண்ணரை வோல்ட் பேட்டரியோட பிளஸை ஸ்பீக்கர் பிளஸ்ல ஒரு நொடி தொடுங்க. பொதுவா கோன் வெளியே வரும். முக்கியமா, ரெண்டும் ஒரே பக்கம் நகரணும். ஒரே ஒரு சப்வூஃபர்தானா? ஆம்பில் இருக்கிற ஃபேஸ் சுவிட்சை மாத்திக் கேளுங்க. கதவு ஸ்பீக்கரோட அது சண்டை போட்டுட்டு இருக்கலாம்.

அடுத்து வில்சர். மூடின பெட்டின்னா மூலையிலும் ஒயர் நுழையற இடத்திலும் காற்று கசியுதான்னு கையை வெச்சுப் பாருங்க. அப்புறம் தீலும் ஸ்மாலும். பெட்டியோட உள்கொள்ளளவு, அந்தத் தாள் சொல்ற லிட்டருக்கு ஒத்துவருதா?

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் ஆம்ப் பக்கம் வாங்க. அங்கேயும் முதல்ல பார்க்க வேண்டியது பவர் ஒயரும் எர்த் ஒயரும் போதுமான தடிமனா, இறுக்கமா இருக்கான்னு. வாட்ஸை இரட்டிப்பாக்கினா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல். தலைகீழா மாட்டின ஒயரைச் சரி பண்ணா அதை விட எவ்வளவோ அதிகம் திரும்பக் கிடைக்கும், அதுவும் பைசா செலவில்லாம.

செக் பண்ணிட்டு என்ன கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.