விழும் பந்தின் பாதைப் புதிர்

உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து கைவிடப்படும் பந்து சரியாக எந்த இடத்தில் விழும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பிய புதிராகும். புவி தன்னைத்தானே சுற்றுகிறதா என்ற கேள்வி இப்புதிரோடு பிணைந்திருந்தது. 1679-இல் ஐசாக் நியூட்டனும் இராபர்ட் ஹூக்கும் இதுகுறித்து எழுதிக்கொண்ட கடிதங்கள் ஈர்ப்பு விதியின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

பின்னணி

புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவது உண்மையானால், பந்து கீழே வருவதற்குள் கோபுரம் கிழக்கே நகர்ந்துவிடும். ஆகவே பந்து மேற்கே பின்தங்கி விழ வேண்டும் என்று புவிச்சுழற்சியை மறுத்தவர்கள் வாதிட்டனர். பந்தும் கோபுரத்தின் இயக்கத்தைப் பெற்றே விழுகிறது என்று 1632-இல் வெளியான தமது நூலில் கலிலியோ விடையளித்தார். 1640-இல் பியர் கசாந்தி மார்செய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மரத்திலிருந்து கல்லை விழச் செய்து பார்த்தார். கல் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது.

நியூட்டனின் விடை

1679 நவம்பரில் இலண்டன் அரச கழகத்தின் செயலாளராக இருந்த ஹூக், கருத்துப் பரிமாற்றத்தைத் தொடருமாறு கேம்பிரிட்ஜில் இருந்த நியூட்டனுக்கு எழுதினார். நவம்பர் 28 அன்று எழுதிய பதிலில், பந்து மேற்கே பின்தங்காது, மாறாகச் சற்றுக் கிழக்கே முந்தி விழும் என்று நியூட்டன் குறிப்பிட்டார். கோபுரத்தின் உச்சி, அடிப்பகுதியைவிடப் புவியின் அச்சிலிருந்து அதிகத் தொலைவில் உள்ளது. ஒரே நாளில் அது பெரிய வட்டத்தைச் சுற்றி வருவதால் அதன் வேகம் அதிகம். அந்த வேகத்தோடு விழும் பந்து கிழக்கே முந்துகிறது.

இத்துடன், புவிக்குள்ளும் தடையின்றி விழ முடிந்தால் பந்து மையத்தை நோக்கிச் சுருள் பாதையில் செல்லும் என்று ஒரு படமும் வரைந்து அனுப்பினார்.

ஹூக்கின் திருத்தம்

சுருள் பாதை தவறு என்று ஹூக் சுட்டிக்காட்டினார். தடை ஏதும் இல்லையெனில் பந்து மையத்தை அடையாமல், நீள்வட்டம் போன்ற பாதையில் சுற்றி மீண்டும் பழைய உயரத்துக்கே வரும் என்றார். நியூட்டனின் கடிதத்தை அவர் கழகக் கூட்டத்தில் படித்ததால் பிழை பலருக்கும் தெரியவந்தது. இது நியூட்டனின் மனத்தைப் புண்படுத்தியது. 1680 சனவரி 6 அன்று எழுதிய கடிதத்தில், ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்ற தம் கருத்தையும் ஹூக் தெரிவித்தார். ஆனால் அத்தகைய விசையின்கீழ் பாதை எவ்வாறு அமையும் என்பதை அவரால் கணித முறையில் நிறுவ இயலவில்லை.

முதன்மை குறித்த பிணக்கு

1684-இல் எட்மண்ட் ஹேலி நியூட்டனை நேரில் சந்தித்து இதே கேள்வியைக் கேட்டார். பாதை நீள்வட்டம் என்று நியூட்டன் விடையளித்தார். அதன் தொடர்ச்சியாக 1687-இல் 'பிரின்சிபியா' நூல் வெளிவந்தது. எதிர்விகித விதிக்குத் தமக்கும் உரிமை உண்டு என ஹூக் கூறியபோது, நூலின் மூன்றாம் பகுதியை வெளியிடாமல் நிறுத்திவிடவும் நியூட்டன் எண்ணினார். ஹேலியே அவரைச் சமாதானப்படுத்தினார். கருத்தை முன்வைத்தவருக்கா, நிறுவிக் காட்டியவருக்கா பெருமை என்ற வாதம் இன்றளவும் தொடர்கிறது.

பிற்காலச் சோதனைகள்

பந்து கிழக்கே முந்தும் அளவு மிகச் சிறியது. நிலநடுக்கோட்டில் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்துகூட ஏறக்குறைய 2.2 செண்டிமீட்டர் மட்டுமே விலகும். இலண்டனில் 10 மீட்டர் உயரத்துக்கு இது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே தாம் செய்த சோதனை வெற்றி பெற்றதாக ஹூக் அறிவித்தது ஐயத்துக்குரியது.

1791-இல் குல்யெல்மினி இத்தாலியின் பொலோனியா நகரக் கோபுரத்திலும், 1802-இல் பென்சன்பெர்க் ஆம்பர்க் தேவாலயக் கோபுரத்திலும் சோதனை செய்தனர். 1831-இல் பெர்டினாண்ட் ரைக், செருமனியின் பிரைபெர்க் சுரங்கத்தில் சுமார் 158 மீட்டர் ஆழத்துக்குக் குண்டுகளை விழச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை விழச் செய்து கண்ட சராசரி விலக்கம் கிழக்கே 28 மில்லிமீட்டர். இது கணக்கீட்டுடன் நன்கு பொருந்தியது. நியூட்டன் கூறிய விடை இவ்வாறு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் அளவீட்டால் உறுதிப்பட்டது.