தொட்டுத் தூக்கும் கரங்கள்

கோவில் கட்ட உதவியவர்கள், பீடம் கொடுத்தவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள் பெயரையெல்லாம் இந்த ஜூபிலி ஆண்டில் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மருத்துவமனைகளில் ஆயாவாகவும் வார்டு பணியாளராகவும் இரவு பகலாய் உழைக்கும் நம் பங்கு மக்களின் பெயரை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டி, மலசலம் எடுத்து, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் தங்கள் வேலையை வெளியே சொல்ல அவர்களிற் பலர் கூசுகிறார்கள்.

ஒரு முறை நோயில்பூசுதல் வழங்க நாம் சென்றபோது, நோயாளியைத் தாங்கிப் பிடித்திருந்த நம் பங்கைச் சேர்ந்த அம்மா ஒருவர், "கை சுத்தமில்லீங்க சாமி" என்று சொல்லிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அச்சொல் இன்றும் நம் மனதை உறுத்துகிறது. அந்தக் கைகளின் வரலாற்றை நாம் மக்களுக்குச் சொல்லாதது நம்முடைய குற்றமே.

இத்தாலி நாட்டில் 1550-ல் பிறந்த புனித கமில்லஸ் முதலில் போர்வீரர். சூதாட்டத்தில் கைப்பொருளெல்லாம் இழந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமையின் புனித யாகப்பர் மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே பணியாளும் ஆனார். சூதாட்டமும் சண்டையும் விடாததால் வெளியேற்றப்பட்டார். 1575-ல் மனந்திரும்பினார். கப்புச்சின் சபையில் சேர விரும்பியும் கால் புண் தடையாயிற்று. மீண்டும் அதே மருத்துவமனைக்கே திரும்பினார்.

கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் நோயாளிகளைக் கவனியாமல் விடுவதை அங்கே கண்டு மனம் வருந்தினார். சம்பளத்துக்காக அன்றி இறையன்புக்காக உழைப்போரை 1582 முதல் திரட்டலானார். 1584-ல் குருவானார். இக்கூட்டத்தைப் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-ல் அங்கீகரித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளிக்குத் தொண்டு செய்வோம் என்பது அவர்களது நான்காம் வார்த்தைப்பாடு. அது வெறும் பேச்சன்று. நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குள் விடாமல் தடுக்கப்பட்ட கொள்ளைநோய்க் கப்பல்களில் ஏறித் தொண்டு செய்து, அவர்களுள் இருவர் உயிர் நீத்தனர்.

இறந்ததாகத் தோன்றுபவரையும் உடனே அப்புறப்படுத்தாமல், சிறிது நேரம் அருகிலிருந்து செபிக்கும்படி கமில்லஸ் பணித்தார். ஏனெனில் உயிர் பிரியுமுன்னே சிலர் புதைக்கப்பட்டதை அவர் அறிவார். தம் கால் புண்ணோ கடைசிவரை ஆறவில்லை. நிற்க இயலாதபோதும் கட்டிலுக்குக் கட்டில் தவழ்ந்து சென்று நோயாளிகளை விசாரித்தார். 1614 ஜூலை 14 அன்று இறைவனடி சேர்ந்தார். திருச்சபை 1746-ல் அவரைப் புனிதராகவும், 1886-ல் இறை யோவானோடு நோயாளிகளின் பாதுகாவலராகவும் அறிவித்தது.

பிரியமுள்ள பங்கு மக்களே! குருவானவர் எண்ணெய் பூசிவிட்டுச் சிறிது நேரத்தில் திரும்பிவிடுகிறார். விடியும்வரை உடனிருப்பவர் அந்த ஆயா அம்மாவே. 2020-ல் கொரோனா பரவியபோது சொந்தப் பிள்ளைகளே நெருங்க இயலாத நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியவர்களும் இவர்களே. இனி ஆண்டுதோறும் ஜூலை 14 திருப்பலியில் இவர்களை முன்வரிசையில் அமர்த்தி, பெயர் சொல்லிச் செபிப்போம். முந்தானைக்குள் மறைந்த அக்கைகளே அன்று காணிக்கைகளைப் பீடத்துக்குக் கொண்டுவரட்டும்.