355 கிலோமீற்றர்



வகுப்பில் அட்லஸை விரித்து, நூல் பிடித்து தூரம் அளக்கச் சொல்லித் தந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கி.மீ. வடக்கே கோடு இழுத்தால் போதும். அன்று நான் சொல்லித்தராமல் விட்ட சரித்திரம் ஒன்று அந்தக் கோட்டில் இருக்கிறது.

என் ஐயா காலத்தில் சென்னைப் பயணம் என்றால் போட் மெயில். ரயிலில் தெற்கே மதவாச்சி போய், அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வழி அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. போர் வந்ததும் அதுவும் நின்றது.

வான்வழியும் பழையதுதான். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது பலாலித் தளம். 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம், ‘சீதாதேவி’ என்ற டகோட்டா, இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. டகோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கி.மீ. பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுங்கள். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் வரும்.

போர் மூண்டபின் பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு விமானமே இல்லை. போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியும் இல்லை.

2017இல் சென்னையில் இருந்த என் அக்காவுக்குக் கடுமை என்று பின்னேரம் தொலைபேசி வந்தது. விசா கையில் இருந்தது. இரவு பஸ்ஸில் தெற்கே கொழும்புக்கு 400 கி.மீ. கட்டுநாயக்காவில் இடம் கிடைக்கும் வரை காத்திருந்து, மீண்டும் வடக்கே 645 கி.மீ. பறந்தேன். 355 கி.மீ. தூரத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் பயணம், முழுதாய் ஒரு நாள்.

மத்தியானம் அக்கா போய்விட்டார். “தம்பி வந்திட்டானே?” என்று காலையில் இரண்டு தரம் கேட்டாராம். மருமகன் சொன்னான். அந்த நேரம் நான் கட்டுநாயக்காவில் கதிரையில் இருந்தேன்.

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது.

அடுத்த ஆண்டு நானும் ஏறினேன். சிறிய ஏ.டி.ஆர். விமானம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கீழே கடல் முடியுமுன்னே இறங்கப்போவதாக அறிவித்தார்கள். சன்னலோரம் இருந்து எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை, ஐயாவுக்குப் பயமாக்கும் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டது.

1947க்கும் இன்றைக்கும் பறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இயந்திரம் அன்றே இருந்தது. இடையில் பாதை மட்டும்தான் இல்லை. ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதை நூல் சொல்லாது, பிள்ளைகளே. பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் முதன்முதல் எந்த வழியாய் இக்கடலைத் தாண்டினார்கள்? கேட்டு, கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.