வாக்காளர் இல்லாத அமைச்சர்

1965 மார்ச் 22ஆம் திகதித் தேர்தலில் டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐ.தே.க.) கிடைத்தவை 66 ஆசனங்கள். 151 பேரை மக்கள் தெரிவு செய்த சபையில் ஆட்சியமைக்க அது போதாது. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு 41. அவரோடு கூட்டுச் சேர்ந்திருந்த சமசமாஜிகளுக்கு 10. இரு பக்கமும் எட்டிப் பார்க்கும்படி நடுவில் நின்றது 14 ஆசனங்களுடன் தமிழரசுக் கட்சி.

டட்லி ஏற்கனவே சூடுபட்டவர். 1960 மார்ச்சில் இதேபோலப் பெரும்பான்மை இல்லாமல் பிரதமராகி, தமிழரசுக் கட்சியோடு உடன்பாட்டுக்கு வராமல், சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலேயே கவிழ்ந்தவர். ஒரு மாத ஆட்சி. ஆகவே இம்முறை அவர் தாமதிக்கவில்லை. மார்ச் 24ஆம் திகதி, கொழும்பில் டாக்டர் எம்.வி.பி. பீரிஸின் வீட்டில், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நான்கு விடயங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாகவும் பதிவு மொழியாகவும் இருக்கும். அங்குள்ள நீதிமன்றங்களில் வழக்குகள் தமிழிலும் நடக்கலாம். மாவட்ட சபைகள் அமைக்கப்படும். குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவர்கள், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதன் பிறகே ஏனையோர்.

இத்தோடு முடிந்திருந்தால் தமிழரசுக் கட்சி வெளியிலிருந்து ஆதரவு கொடுத்திருக்கும். டட்லிக்கோ, அவர்கள் அமைச்சரவைக்குள்ளும் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் எளிதில் கவிழ்க்க மாட்டான் என்பது பழைய கணக்கு. ஆனால் சமஷ்டி கிடைக்கும்வரை அமைச்சர் பதவி வேண்டாம் என்று மேடைக்கு மேடை சொல்லி வாக்குக் கேட்ட கட்சி அது. செல்வநாயகம் காரில் கொடி கட்டிக்கொண்டு தம் தொகுதியான காங்கேசன்துறைக்குப் போனால் சனம் என்ன சொல்லும்?

வழி கொழும்புக் கோட்டையில் இருந்தது. கோர்டன் பூங்காவுக்குப் பக்கத்தில், இன்று வெளிவிவகார அமைச்சு இருக்கும் கட்டடத்தில் அப்போது கூடிக்கொண்டிருந்தது செனற் சபை. சோல்பரி அரசியலமைப்பு தந்த மேற்சபை அது. 30 உறுப்பினர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும். மற்ற 15 பேரை பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். ஆறு வருடப் பதவி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வு. அமைச்சர்களில் குறைந்தது இருவர் செனற்றர்களாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் நீதி அமைச்சர் என்பது விதி. 1965இல் நீதி அமைச்சரான ஏ.எஃப். விஜேமான்ன அப்படி வந்தவர். உடன்படிக்கைக்கு வீடு கொடுத்த டாக்டர் பீரிஸும் செனற்றராகித்தான் சுகாதார அமைச்சரானார். மூன்றாமவராக வந்தார் தமிழரசுக் கட்சியின் எம். திருச்செல்வம், உள்ளூராட்சி அமைச்சர்.

தமிழரசுக் கட்சி அரசில் இருந்தது, அதன் எம்.பி. ஒருவரும் அமைச்சராகவில்லை. சட்டத்தரணிகள் நடத்திய கட்சிக்குத்தான் இப்படியொரு ஏற்பாடு தோன்றும்.

1907இல் பிறந்த திருச்செல்வம் அரச வழக்கறிஞராகத் தொடங்கி சொலிசிற்றர் ஜெனரல்வரை உயர்ந்தவர், இராணி அப்புக்காத்து. ஊர்வலத்தில் முன்னால் போய்த் தொண்டை கிழியக் கத்தும் ரகமல்ல. வரைவை வாங்கிப் பார்த்து, அதில் எந்த வாசகம் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்காது என்று சொல்லும் ரகம். செல்வநாயகத்துக்கு அந்த நேரம் தேவைப்பட்டவரும் அப்படியொருவர்தான். மாவட்ட சபைகள் உள்ளூராட்சி அமைச்சின் கீழ் வரப்போகின்றன; அந்தச் சட்டத்தை எழுதும் பேனா தம் கையில் இருக்க வேண்டும் என்று கட்சி நினைத்தது.

கொழும்புத் தமிழர் கதையில் இந்த நியமனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவ்வளவு தமிழர் இருந்தும், தமிழரசுக் கட்சி கொழும்பில் ஓர் ஆசனம்கூட வென்றதில்லை. வெள்ளவத்தையை 1947இலும் 1956இலும் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி எம்.பி.யாகப் பிரதிநிதித்துவப்படுத்தியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு என்று 1956இல் எச்சரித்தாரே, அவரேதான். கொழும்பில் வாழ்ந்து, கொழும்பில் தொழில் செய்து, தமிழர் அரசியலில் இறங்க நினைத்தவருக்கு இரண்டே வழி. ஒன்று வடக்கே போய்த் தொகுதி தேடுவது, மற்றது செனற் சபை. டாக்டர் ஈ.எம்.வி. நாகநாதன் இரண்டையும் செய்தவர். 1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் செனற்றரானார், பின்னர் நல்லூர் எம்.பி. எஸ். நடேசன் எந்தக் கட்சியிலும் சேராமல் அங்கே நியாயம் பேசினார். திருச்செல்வம் வடக்கே போகவில்லை. அவருக்கு வாக்குப் போட்டவர் எவருமில்லை. ஆகவே அவரைக் கேள்வி கேட்கவும், அவருக்காக எழுந்து நிற்கவும் ஒரு தொகுதி இருக்கவில்லை. இதன் விலை பிற்பாடு தெரிந்தது.

முதல் அடி மொழியில் விழுந்தது. தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான பிரமாணங்கள் 1966 ஜனவரி 8ஆம் திகதி பிரதிநிதிகள் சபைக்கு வந்தன. சட்டம் புதியதுமல்ல. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1958இல் நிறைவேற்றிவிட்டு, பிரமாணம் எழுதாமல் விட்டுப்போனது. அன்று விகாரமகாதேவிப் பூங்காவிலிருந்து எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. சுதந்திரக் கட்சியோடு கம்யூனிஸ்ட்டுகளும் சமசமாஜிகளும் நின்றார்கள். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்ற கோஷம் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் பாடம். பத்து வருடத்துக்கு முன் இரு மொழிக்காகக் கல்லடி பட்ட இடதுசாரிகள் வடையை வைத்து அரசியல் செய்ததை அவர்களுடைய வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் பொலிசார் சுட்டதில் தம்பராவே ரத்னசார என்ற இளம் பிக்கு இறந்தார். அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. பிரமாணங்கள் நிறைவேறின; நடைமுறைக்கு வருவதில் சுணங்கின.

அடுத்தது மாவட்ட சபை. 1968 ஜூனில் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. மத்திய அரசின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட மாவட்ட சபைகள் என்று அதன் தலைப்பிலேயே அழுத்திச் சொல்லப்பட்டிருந்தது. 1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்திலிருந்த பிராந்திய சபைகளோடு ஒப்பிட்டால் இது எலும்பும் தோலும். சமஷ்டி கேட்டுப் புறப்பட்ட கட்சி மூன்று வருடம் அமைச்சரவைக்குள் இருந்து கொண்டுவந்தது அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை. எதிர்க்கட்சி எதிர்த்ததில் புதினமில்லை, ஐ.தே.க.வின் பின்வரிசையே முறுகியது. சில வாரங்களில் அறிக்கை கைவிடப்பட்டது. தம் கட்சிக்குள் இதை நிறைவேற்ற முடியாது என்பதை டட்லி செல்வநாயகத்திடம் ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன்பே கட்சிக்குள்ளும் வெடிப்பு விழுந்திருந்தது. ஊர்காவற்றுறை எம்.பி. வி. நவரத்தினம், அடையாள அட்டைச் சட்டமூலம் மலையகத் தமிழரை வேட்டையாடவே உதவும் என்று சொல்லி கட்சி முடிவுக்கு எதிராக நின்றார். வெளியேற்றப்பட்டார். உடன்படிக்கை எழுதப்பட்டபோது பேச்சுவார்த்தையில் இருந்தவர் அவர்.

சரி, மாவட்ட சபை போனபோதாவது திருச்செல்வம் விலகியிருக்கலாமே? விலகவில்லை. எந்த வேலைக்காக அமைச்சரவைக்கு அனுப்பப்பட்டாரோ அந்த வேலை முடியாது என்று ஆன பிறகும் அவர் நாற்காலியில் இருந்தார். கட்சியும் இருக்கச் சொன்னது. என் பார்வையில், வரலாறு அவரிடம் கேட்கவேண்டிய கடினமான கேள்வி இதுதான். பதவியை விட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்ற எண்ணம் உள்ளே இருப்பவர்களுக்கு எப்போதும் வரும். தொகுதி உள்ள அமைச்சரை வாக்காளர் வந்து உலுப்புவார்கள். இவருடைய வாசலில் உலுப்ப ஆளில்லை.

கடைசியில் அவரை வெளியே அனுப்பியது திருகோணமலை. பிரட்றிக் கோட்டைக்குள், சுவாமிமலை உச்சியில் இருக்கிறது கோணேசர் கோயில். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர், சுதந்திரத்தின் பின் இலங்கை இராணுவம் என்று கோட்டைக்குள் எப்போதும் துவக்கு இருந்தது. கும்பிடப் போகிறவன் காவலரணைத் தாண்டித்தான் போகவேண்டும். 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அனுராதபுரத்துக்குப் புனித நகர் என்ற தகுதி இருக்கும்போது கோணேசர் கோயில் சுற்றாடலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று இந்துக்கள் கேட்டார்கள். உள்ளூராட்சி அமைச்சர் என்ற முறையில் திருச்செல்வம் அதை ஆராய ஒரு குழுவை நியமித்தார். காணி பிரிக்கவில்லை, வர்த்தமானி வெளியிடவில்லை. ஆராய ஒரு குழு, அவ்வளவே.

தமன்கடுவையைச் சேர்ந்த பௌத்த பிக்கு ஒருவர் பிரதமருக்கு ஆட்சேபணை எழுதினார். கோட்டைக்குள் பழைய விகாரையும் உண்டு என்பது வாதம். டட்லி, தம் அமைச்சரைக் கூப்பிட்டுக் கேட்காமலே, குழுவின் வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். ஒரு குழு அமைக்கும் அதிகாரமும் இல்லையென்றால் அமைச்சர் எதற்கு? 1968 செப்டெம்பரில் திருச்செல்வம் இராஜினாமாச் செய்தார். தமிழரசுக் கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. அரசு கவிழவில்லை. 1965இல் எவரைப் பயந்து டட்லி கையெழுத்து வைத்தாரோ, அவர்கள் போனபோது அவருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. ஆட்சி 1970வரை ஓடியது.

1970இல் அறுதிப் பெரும்பான்மையோடு வந்த சிறிமாவோ அரசுக்கு, பழைய நியமனங்கள் நிறைந்த செனற் சபை முட்டுக்கட்டை. 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அது ஒழிக்கப்பட்டது. அடுத்த வருடம் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. அதைச் செதுக்கிய அமைச்சர் வெள்ளவத்தையின் பழைய எம்.பி. கொல்வின்.

அந்த அரசியலமைப்போடுதான் திருச்செல்வத்தின் கடைசி வழக்கு. 1976 மே மாதம் குடியரசு தினத்துக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை விநியோகித்ததற்காக தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கமும் அதன் முன்னணியினர் மேலும் மூவரும் கைதாகி, யூரிமார் இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் ட்ரயல் அட் பார் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் எதிரிகளுக்காக எழுந்தார்கள். அவர்களில் செல்வநாயகமும் தமிழ்க் காங்கிரஸின் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் இருந்தார்கள். 1949இல் பிரிந்த இருவரும் அந்த நீதிமன்றத்தில் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பொன்னம்பலம் அவசரகால விதிகளைத் தாக்கினார். திருச்செல்வம் அதற்கும் அடியில் கைவைத்து, 1972 அரசியலமைப்பே தமிழரைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினார். கிரீடத்தின் சட்டத்தரணியாக வாழ்நாளில் பாதியைக் கழித்தவர், அரசின் அத்திவாரமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நின்று சொன்னார். வாக்குப் பெட்டி தராத குரலை அந்த வழக்கு அவருக்குத் தந்தது என்பேன்.

எதிரிகள் விடுவிக்கப்பட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1976 நவம்பரில் காலமானார். 1977 பெப்ரவரியில் பொன்னம்பலம், ஏப்ரலில் செல்வநாயகம். ஆறு மாதத்துக்குள் மூவர்.

மகன் நீலன் திருச்செல்வமும் அரசியலமைப்புச் சட்டத்தரணி. 1983இல் வட்டுக்கோட்டை எம்.பி. இறந்த வெற்றிடத்துக்குக் கட்சி நியமனமாகவும், 1994இல் தேசியப் பட்டியலிலும் பாராளுமன்றம் போனார். அவரும் வாக்குக் கேட்டு உள்ளே போகவில்லை. தகப்பன் எழுதித் தோற்ற அதிகாரப் பகிர்வைத் தானும் எழுதிக்கொண்டிருந்தார். 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில், கின்சி ரெரஸ் சந்தியில், தற்கொலைக் குண்டுதாரி அவரைக் கொன்றான்.

அடுத்த இதழில், செனற் சபையின் முதல் துணைத் தலைவர் பெரி சுந்தரம். அவர் அந்த ஆசனத்தில் இருக்கும்போதுதான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது.