மருதானைப் பள்ளிவாசலின் நிழலில்

இலங்கை முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்வியில் பின்தங்கியதற்கு அவர்களுடைய மார்க்கப் பற்றே காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் மறுத்தது கல்வியை அல்ல, அதற்குக் கேட்கப்பட்ட விலையை. அன்று ஆங்கிலம் படிக்க விரும்பியவன் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடத்து வாசலைத்தான் மிதிக்க வேண்டும். அங்கே இலக்கணத்தோடு பைபிள் பாடமும் சேர்ந்தே வரும்; பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற அச்சமும் கூடவே வரும். இதே அச்சத்தால்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1880இல் இலங்கை வந்த அமெரிக்கர் ஓல்கொட்டும் பௌத்தர்களுக்குச் சொந்தப் பள்ளிகள் வேண்டுமென்று ஊர் ஊராகப் போனார். அவர்களை யாரும் கல்விக்கு எதிரிகள் என்று சொல்வதில்லை. முஸ்லிம் பிள்ளை எழுத்து வாசனையே இல்லாமல் வளரவும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லெப்பை எனப்படும் மார்க்க ஆசிரியரிடம் குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும். அந்த எழுத்திலேயே தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களையும் அதனால் வாசிக்க முடிந்தது. ஆனால் அரசாங்கக் கணக்கில் இந்த வாசிப்பு கல்வியாக ஏறவில்லை.

கண்டி வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898) இதைச் சரியாகக் கணித்தார். புதிய கல்வியை மார்க்கத்துக்கு வெளியே இருந்து கொண்டுவந்தால் வாசலிலேயே நிற்கும், உள்ளே இருந்து எழுந்தால் வீட்டுக்குள் வரும் என்பது அவர் எண்ணம். அதற்காக 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழில் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் இறங்கியது 1883 ஜனவரியில். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். விழிப்பு முழுவதையும் எகிப்தியப் பிரமுகரின் கணக்கில் எழுதுவோர், அவருடைய கப்பல் வருமுன்பே இங்கு அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியதை மறந்துவிடுகிறார்கள். ஒராபி தந்தது ஆதரவும் துணிவும். அவை சிறியவை அல்ல. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரும் இவர்களோடு சேர, 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. தமிழில் பள்ளி என்ற ஒரே சொல் தொழும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் குறிக்கிறது. மருதானையில் அந்த இரண்டும் ஒரே வளவுக்குள் அமைந்தன.

அச்சம்தான் தடையென்றால், பள்ளி திறந்த உடனே பிள்ளைகள் ஏன் திரளவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸாஹிரா ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சிறு பள்ளியாகவே தவழ்ந்தது. என் விடை இது: மார்க்கம் பற்றிய அச்சம் நீங்கினாலும் பிழைப்பு பற்றிய கணக்கு நீங்கவில்லை. பத்து வயதில் கடையில் உட்கார்ந்து கொள்முதலும் கடன் புத்தகமும் பழகிய பையனுக்கு, எழுதுவினைஞர் சம்பளம் பெரிதாகத் தெரியாது. கிழக்கில் வயலை நம்பிய குடும்பங்களுக்கோ கொழும்பு எட்டாத தூரம். ஆகவே பள்ளியைக் கட்டுவது பாதி வேலைதான். படிப்பால் என்ன ஆக முடியும் என்று காட்டவும் வேண்டியிருந்தது. 1921இல் அதிபரான டி.பி. ஜாயா அதைச் செய்தார். மலாய் வம்சத்தவர், பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் பாடம் சொன்னவர். 1948 வரையிலான அவர் காலத்தில் ஸாஹிரா நாட்டின் முன்வரிசைக் கல்லூரிகளில் ஒன்றாக எழுந்தது. கம்பளை, மாத்தளை, புத்தளம் என வெளியூர்களிலும் கிளைவிட்டது.

கொழும்பு எட்டாத கிழக்குப் பிள்ளைகளின் பக்கத்தைப் பார்த்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1935இல் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். போர்க்கால உணவு உற்பத்திப் பணிக்காக 1942இல் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர், அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் பணமின்றி ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றுபோவதைக் கண்டார். அவர் முயற்சியில் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. இலவசக் கல்வி வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அஸீஸின் கூர்மை புரியும்: அரசாங்கம் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது, ஆனால் தங்குமிடமும் புத்தகமும் பயணமும் குடும்பத்தின் தலையிலேயே இருந்தன. ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவின் அதிபரான அஸீஸ், 1950இல் வை.எம்.எம்.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் முஸ்லிம் வாலிபர் சங்கத்தையும் நிறுவினார். பள்ளி முடித்து, வேலைக்கும் போகாமல் நிற்கும் இளைஞனை வகுப்பறையும் ஜும்ஆ பிரசங்கமும் எட்டுவதில்லை. அவனை எட்ட அவன் ஊரிலேயே ஒரு சங்கம் தேவைப்பட்டது.

தனிப் பள்ளிகள் சமூகங்களைப் பிரித்துவிட்டன என்ற குற்றச்சாட்டு வலுவானது. ஆனால் அதை ஸாஹிராவின் தலையில் வைப்பது சரியல்ல. அஸீஸ் படித்ததே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி படித்தது ஸாஹிராவில். அரசாங்கம் தனியார் பள்ளிகளைக் கையேற்ற பிறகு, சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பள்ளிகளை வகைபிரித்து நடத்தியபோதுதான் ஒரே ஊரின் பிள்ளைகள் ஒருவரையொருவர் காணாமலே வளரத் தொடங்கினர்.

என் வாதம் தடுமாறும் இடம் வேறு: பெண்பிள்ளைகள். கண்டியில் சித்தி லெப்பை பெண்களுக்கும் பள்ளி திறந்தார். கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியதோ 1946இல். இடையில் போன அரை நூற்றாண்டுக்கு மிஷனரிமாரைக் காரணம் சொல்ல முடியாது. தம்பிக்காகப் பள்ளிவாசலை ஒட்டிக் கட்டிய பள்ளியின் வாசல் அக்காவுக்குத் திறக்கவில்லை. அதைத் திறக்காதவர்கள் ஊராரும் பெற்றோரும்தான்.