பழைய மோட்டார் வண்டியும் ஊவா மலைத்தெருவும்

இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து ஹாலிஎல வழியாகப் பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இல் பதுளைக்கு ரயில் வரும் வரையில், இம்மலைச்சரிவிலே தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் தெருவழியாகவே போக வேண்டியிருந்தன. மாட்டு வண்டியும் குதிரையும் ஆண்ட தெருக்களில் மோட்டார் வண்டி புகுந்தது அந்த இடைக்காலத்திலேதான்.

அக்காலத்து அமெரிக்க வண்டிகளுள் தலையாயது ஃபோர்ட் 'டி' மாதிரி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. இலங்கை போன்ற பிரித்தானிய ஆட்சி நாடுகளுக்கு அவற்றை அனுப்பும் உரிமை கனடாவிலிருந்த ஃபோர்ட் கம்பெனிக்கு உரியது. இவ்வண்டியின் பெற்றோல் தாங்கி நெடுங்காலம் முன்னாசனத்தின் கீழே இருந்தது. பம்பு கிடையாது, எண்ணெய் தன் பாரத்தாலேயே எந்திரத்துக்கு ஓடும். தாங்கியில் எண்ணெய் குறைந்தால் செங்குத்தான ஏற்றத்தில் எந்திரம் நின்றுவிடும். ஆகவே மலைநாட்டுச் சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றும் வழக்கம் பல தேசங்களிலும் இருந்தது.

இத்தகைய வண்டியொன்று, புதுப்பிக்கப்படாத நிலையில், ஹாலிஎலப் பகுதித் தோட்டக் கொட்டகையிலிருந்து விற்பனைக்கு வருமானால், அதை மதிப்பிடுவது எங்ஙனம்?

முதலில் எந்திர எண்ணைப் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்தது மரம். மேலே தகடு தெரிந்தாலும் உள்ளே உடலைத் தாங்குவது மரச்சட்டம். மழை மிகுந்த நாட்டில் கதவின் அடிப்புறமே முதலில் உக்கும். சில்லின் மரக்கம்பிகளை அசைத்துப் பார்த்தால் தளர்ச்சி புலப்படும். எஃகுத் தகட்டின்மேல் காந்தம் ஒட்டாத இடத்தில், வர்ணத்தின் கீழே களிம்பு மறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். நெடுநாள் கிடந்த எந்திரத்தை வலிந்து இயக்கலாகாது; எண்ணெய் ஊறவிட்டுக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும்.

இவற்றினும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. கறளும் ஒட்டும் குறைகளா, சான்றுகளா? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய வண்டிகள் உள்ளூர்க் கைத்திறத்தாலேயே உயிர் வாழ்ந்தன. உடைந்த உறுப்புக்கு மாற்று வராதபோது, கொல்லன் உலையில் அடித்ததும், கடைச்சற் பட்டறையில் செதுக்கியதுமே துணை. வண்டியை வாங்கிய துரையின் பெயர் பத்திரத்தில் இருக்கும். அதைச் செப்பனிட்ட தொழிலாளியின் பெயர் அங்கே இராது. அவர் விட்டுச்சென்ற ஏடு அந்த ஒட்டு ஒன்றே.

ஏமாற்றுவதற்காகப் பூசிய களிம்பு வேறு. ஓடுவதற்காக இட்ட ஒட்டு வேறு. முன்னதைக் கண்டால் விலையைக் குறைக்க வேண்டும். பின்னதைக் கண்டால் குறித்து வைக்க வேண்டும். துருவரித்துப் பாரம் தாங்காத சட்டமும், பிடிக்காத பிறேக்கும் எவ்வகையிலும் சான்றென்று போற்றத்தக்கன அல்ல. மனித உயிருக்கு முன் வரலாறு பின்னே நிற்க வேண்டும்.

கட்டடங்களைக் காப்பதற்கு 1964இல் வெனிஸ் நகரில் சாசனம் வகுத்தனர். அதன் வழியைப் பின்பற்றிப் பழைய வாகனங்களுக்கான தூரின் சாசனத்தை உலகப் பழைய வாகனச் சம்மேளனம் 2012இல் ஏற்றது. இயன்ற மட்டும் உள்ளதைக் காத்தல், செய்த மாற்றத்தை எழுதிவைத்தல் என்பன அதன் கருத்து.

மினுங்கும் வர்ணத்தை எப்பொழுது வேண்டுமாயினும் பூசலாம். சுரண்டி எறிந்த பழைய வர்ணத்தையோ, கழற்றி வீசிய கொல்லனின் ஒட்டையோ எந்தப் பணமும் மீட்டுத் தராது. வாங்குவோர் கத்தியை எடுக்குமுன் இதனைச் சற்றே எண்ணுதல் நன்று.