ஜீப்பின் ஜன்னலைப் பூட்டியது யார்?

இந்த முறை சரித்திரம். ஆனால் ராஜா, ராணி, போர்க்களம் எதுவும் கிடையாது (கொஞ்சம் போர் உண்டு). ஜீப்பின் பின்பக்க ஜன்னலைப் பற்றிய சரித்திரம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

எங்க சித்தப்பா போன வருஷம் ஒரு பழைய ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். கிளிஞ்சல்மேட்டு மணலில் வலையையும் இன்ஜினையும் ஏற்றிப் போக அதை விட்டால் வேறு வண்டி இல்லை என்பது அவர் கட்சி. முன்பு வைத்திருந்தவர் துணி டாப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு ஊர்ப் பட்டறையில் ஃபைபர் ஹார்ட்டாப் போட்டு வைத்திருந்தார். பார்க்க ஜம்மென்று இருக்கும். பின்னால் ரெண்டு பக்கமும் அகலமான கண்ணாடி. ஆனால் ரப்பர் பீடிங் போட்டு அடைத்தது, திறக்காது. ஏசியும் இல்லை. சித்திரை வெயிலில் அதில் பின்னால் உட்கார்ந்து திருநள்ளாறு போய்வந்த அப்பாயி, இறங்கியதும் சொன்னது ஒரே வார்த்தைதான்: "இனிமே நான் பஸ்ஸுலயே போறேன்டா, அதுல சன்னலாச்சும் தொறக்குது."

அப்பாயி கேட்டது நியாயமான கேள்வி. பஸ்ஸில் திறக்கும் ஜன்னல் ஜீப்பில் ஏன் திறப்பதில்லை? மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்று புரிந்தது. ஜீப்புக்கு ஆரம்பத்தில் ஜன்னலே இல்லை, ஏனென்றால் சுவரே இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். கதவு கிடையாது, முன் கண்ணாடியைக்கூட பானட் மேல் மடக்கிப் போடலாம், தலைக்கு மேல் ஒரு கேன்வாஸ். சிப்பாய் சட்டென்று குதித்து இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நம் நாட்டில் மஹிந்திரா 1949-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தபோதும் அதே துணி டாப்தான். பல வருஷம் நம் ஊர் ஜீப்களில் பக்கவாட்டில் ரெக்சின், நடுவே மங்கலான ஒரு பிளாஸ்டிக் சதுரம். காற்று வேண்டுமென்றால் சுருட்டிக் கட்டிவிடலாம். மழை வந்தால் அவிழ்த்துவிடலாம். யோசித்துப் பாருங்கள், ஜீப்பில் இதுவரை வந்ததிலேயே பெரிய ஜன்னல் அதுதான். கெட்டியான கூரை வந்த பிறகுதான் ஜன்னல் மூடிக்கொண்டது.

கெட்டிக் கூரையின் கதை இங்கிலாந்தில் சூடு பிடிக்கிறது. 1948-இல் ரோவர் கம்பெனி லேண்ட் ரோவரைக் கொண்டுவந்தது. அப்போது பிரிட்டனில் சொந்தக் கார்களுக்கு 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்று ஒரு கொள்முதல் வரி. லேண்ட் ரோவர் விவசாய வண்டி என்ற கணக்கில் தப்பித்தது. அதே வருஷம் உள்ளே நல்ல சீட்டெல்லாம் போட்டு, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து 'ஸ்டேஷன் வேகன்' ஒன்று விட்டார்கள். அது கார் ஆகிவிட்டது, வரி விழுந்தது, விற்பனை படுத்தது. ஆக, பின்னால் ஜன்னல் இல்லாத தகர டாப் என்றால் சரக்கு வண்டி. ஜன்னலும் சீட்டும் இருந்தால் கார். ஒரு கண்ணாடிச் சதுரம்தான் எல்லைக்கோடு! எத்தனையோ லேண்ட் ரோவர்கள் பின்னால் இருட்டுப் பெட்டியாகவே விற்றதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பிறகு இன்னும் பெரிய கூத்து. 12 சீட் இருந்தால் சட்டப்படி அது பஸ், பஸ்ஸுக்கு அந்த வரி இல்லை. உடனே நீள லேண்ட் ரோவரில் 12 பேரைத் திணித்து ஒரு மாடல் வந்தது. 10 சீட் வண்டியை விட, ஏன், குட்டையான 7 சீட் வண்டியை விடவும் அது மலிவு! (இங்கிலாந்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1696 முதல் 1851 வரை வீட்டு ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள். ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வரிக்காகப் புதுச்சேரி விலாசம் தேடி அலைந்த வெளியூர்க் கார்களைப் பார்த்த நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.)

ஆனால் லேண்ட் ரோவரைப் பாராட்டவும் வேண்டும். ஜன்னல் வைத்த வண்டிகளில் பின்னால் தள்ளித் திறக்கும் கண்ணாடி வைத்தார்கள். முன் கதவிலேயேகூட 1980கள் வரை தள்ளும் கண்ணாடிதான், கைப்பிடி சுற்றி இறக்கும் கருவி வைக்க அந்த ஒல்லிக் கதவில் இடமில்லை. வெப்ப நாடுகளுக்கென்று 'டிராபிக்கல் ரூஃப்' என்று இரட்டைக் கூரை போட்டார்கள். மேல் தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுப்போன அந்தக் காலத்து லேண்ட் ரோவர்கள் மேற்கு வங்கத்தில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு ஆள் ஏற்றி எத்தனையோ வருஷம் ஓடின.

அமெரிக்காவில் வேறு வழி. 1976 மாடலாக வந்த ஜீப் சிஜே-7க்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஹார்ட்டாப்பை ஆப்ஷனாகக் கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த ரேங்லர் வரிசை ஹார்ட்டாப்களில் பின்பக்கக் கண்ணாடி அசையாத கண்ணாடிதான். 2020-இல் வந்த மூன்று கதவு தாரிலும் அப்படித்தான். இதில் வில்லத்தனம் ஒன்றும் இல்லை. திறக்காத கண்ணாடிக்குப் பாகங்கள் குறைவு, ஒழுகாது, ஆடாது, ஏசி இருக்கிறதே என்ற தைரியம். ஆனால் ராணுவமோ, வரி ஆபீஸோ, ஃபேக்டரியோ, இந்த ஜன்னலை முடிவு செய்த யாரும் பின் சீட்டில் உட்காருகிறவர் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, நாமே வெட்டித் திறந்தால்? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு முதலில், ஆர்டிஓவிடம் சொல்லி அனுமதி வாங்கி மாற்றலாம் என்ற தோரணையில் இருந்தது. 2000-இல் திருத்தினார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றாகிவிட்டது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. ஜீப்பை விதவிதமாக மாற்றிக் கொடுப்பதற்கே பேர்போன ஹரியானாவின் மண்டி தப்வாலி மாதிரி ஊர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! வெயிலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக 2012 ஏப்ரலிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கரூரில் வெறும் சேஸிஸ் மேல் முழு பஸ்ஸே கட்டுகிறார்கள், ஜன்னல் உட்பட. ஆனால் அதற்குத் தனி விதிமுறை, அங்கீகாரம் எல்லாம் உண்டு. தனி ஆள் ஜீப்பில் ஓட்டை போடுவது வேறு கதை. நீதிமன்றத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூரையின் பலம் தெரியாமல் வெட்டினால், வண்டி உருளும்போது தெரியும்.

சித்தப்பா கேட்கிற ஆள் இல்லை. கடற்கரையில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்க்கும் அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்கக் கட்டுமரம் போய் ஃபைபர் போட் பெருகியதால், மேட், ரெசின், ஹார்டனர் எல்லாம் எங்க ஊர்ப் பசங்களுக்குப் புட்டு, இடியாப்பம் மாதிரி. நான் காலேஜில் படித்ததைவிட அந்த அரை மணி நேரத்தில் கற்றது அதிகம்.

"மூலைய சதுரமா வெட்டக்கூடாது தம்பி, அங்கேருந்துதான் கீறல் ஓடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1954-இல் அடுத்தடுத்து விழுந்த காமெட் ஜெட் விமானங்களை ஆராய்ந்து கண்டதும் இதுதானே, திறப்புகளின் மூலையில் ஆரம்பித்த விரிசல்! அவர் காமெட்டைக் கேள்விப்பட்டதே இல்லை.

மேலே கீல் வைத்துத் தூக்கும் ஜன்னல் நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் அழகு, ஓடும்போது ஆகாது. முன் ஓரத்தில் கீல் வைத்து, பின் ஓரம் ரெண்டு அங்குலம் வெளியே தள்ளினால் ஓடுகிற வேகத்தில் உள் காற்றை அதுவே உறிஞ்சி வெளியே விடும், ஆனால் ரோட்டோரப் புளியங்கிளையில் மாட்டும். கடைசியில் தள்ளும் கண்ணாடிதான் என்று முடிவானது. கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் திருகு நேராகப் பட்டால் எங்கள் உப்புக் காற்றில் அலுமினியம் பூத்துப்போகும், இடையில் நைலான் வாஷர் வேண்டும். வெட்டிய ஃபைபர் ஓரத்தை ரெசின் பூசி மூட வேண்டும். பழைய கண்ணாடியையே ரெண்டாக வெட்டிக்கலாம் என்று நான் சொன்னதற்கு அண்ணன் சிரித்தார். டஃப்பன் பண்ணின கண்ணாடியை வெட்ட முடியாது, தொட்டால் பொடிப்பொடியாகிவிடும். அளவெடுத்து, வெட்டி, அப்புறம்தான் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும்.

எல்லாம் தயார். வெட்டும் மிஷினைக் கையில் எடுத்தபோதுதான் ஆர்.சி. புத்தகத்தை நான் நீட்டினேன். பாடி வகை என்ற இடத்தில் 'சாஃப்ட் டாப்' என்று இருக்கிறது. ஜன்னல் இருக்கட்டும், கூரையே சான்றில் இல்லை!

சித்தப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கேட்டிருக்கிறோம். கண்ணாடி மேல் மூலையெல்லாம் டீ கிளாஸ் வைத்து வளைத்துப் போட்ட மார்க்கர் கோடு அப்படியே இருக்கிறது. பழைய துணி டாப்பின் கம்பிச் சட்டம் எங்கே கிடைக்கும் என்று அப்பாயி விசாரித்துக்கொண்டிருக்கிறது.